அடித்தல் திருத்தல்

நாற்பத்தோராவது பெட்டியில் சலவைக் கணக்கு.
மேசைவிரிப்பு இரண்டு, கழுத்துப்பட்டி ஆறு.
பின்புறம் பென்சிலில் ஒரு நாவலின் முதல் வரி,
அதன்மேல் கோப்பை வைத்த வட்டம்.

ஹாமில்டன். நூலகத்தின் கீழ்த்தளம். பிப்ரவரி.
எனக்கு எட்டு மாத ஒப்பந்தம்,
லெட்டிஸ் ஹோல்ராய்டுக்கு அறுபத்தேழு வருடம்.
ஒன்பது நாவல், நாலு நாடகம்.
கடன்காரர்களுக்கு எழுதியவை தனிக் கட்டு,
நடை அவற்றில்தான் கச்சிதம்.

யார்க்‌ஷயர் கடலோரத்தில் பிறந்தவள்
இந்த ஊரை ஒருநாளும் பார்த்ததில்லை.
அக்காள் மகன் எஃகு ஆலைக்கு வேலைக்கு வந்தபோது
மூன்று டிரங்குப் பெட்டியும் கூட வந்தன.
உலைக்குப் பக்கத்துத் தெருவில், நிலவறையில்,
உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில் முப்பது வருடம்.
பக்கம் புரட்டினால் விரல் கறுக்கிறது.
மை என்றுதான் முதலில் நினைத்தேன்.
பார்ட்டன் தெருவின் கரி.

கணவன் போரிலிருந்து திரும்பினான், குரல் திரும்பவில்லை.
விஷவாயு.
ஸ்லேட்டில் எழுதிக் காட்டுவான்: உப்பு. கதவு. போதும்.
அந்த வருடம்தான் நாவலைப் பாதியில் விட்டு
நாடகத்துக்குப் போனாள்.
பணத்துக்காக என்றன பத்திரிகைகள்.
பணத்துக்காகவும்தான்.
ஆனால் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தில்
பதினான்கு பேர் தன் வாக்கியங்களை
உரக்கச் சொல்வதைக் கேட்டுவிட்டு
இரவில் அந்த வீட்டுக்குள் நுழைந்தவளை
நான் எந்தத் தலைப்பின்கீழ் வைப்பது?

மூன்றாவது நாடகம் பதினோரு இரவு ஓடியது.
அச்சான பிரதியில் வேலைக்காரி டோராவுக்கு ஒரே வசனம்:
“தேநீர் ஆறிவிட்டது, அம்மா.”

கைப்பிரதியில் ஒன்பது பக்கம்.

ராமபாணப் பூச்சி இரண்டாம் அங்கத்தைத் துளைத்து
மூன்றின் விளிம்பில் நின்றிருக்கிறது,
டோராவைத் தொடவில்லை.
தொட்டது நீலப் பென்சில்.
நாடகக் கம்பெனி முதலாளி பிளெங்கின்சாப்பின் கை அது,
ஓரத்தில் அவர் எழுதியிருக்கிறார்:
பார்வையாளர்களுக்குக் கடைசி ரயில் இருக்கிறது.

கோட்டுக்கு அடியில் வாசிக்க முடிகிறது.
“இந்த வீட்டில் நாற்பத்திரண்டு படி, அம்மா.
உங்கள் துக்கத்தைத் தட்டில் வைத்து மேலே கொண்டுபோகிறேன்,
வாளியில் கீழே கொண்டுவருகிறேன்.
எனக்கும் ஒன்று வந்தது போன மாதம்.
வைக்க இடமில்லாமல்
கரி அறையில் வைத்திருக்கிறேன்.”
அப்புறம் இரண்டு பக்கத்துக்குக் கரி விலை, தம்பியின் இருமல்,
யாரும் கேட்காத ஒரு நகைச்சுவை.

பத்திரம் எழுதுகிறவர்கள் கடைசியில் சேர்ப்பார்கள்:
அடித்தல் திருத்தல் இல்லை.
ஆளை அடித்தாலும் எழுத்தை அடித்தாலும்
நமக்கு ஒரே சொல்.
இவர்களுக்கு இரண்டு. நான் நிரப்பும் படிவத்தில்
இரண்டுக்கும் கட்டம் இல்லை.

விவரக் குறிப்பில் பன்னிரண்டு வரி எழுதினேன்.
படிகளின் எண்ணிக்கை உட்பட.
மேலாளர் லூர்தெஸ் நல்லவள்,
மதியம் அவள் சூப்பில் பாதி எனக்கு.
படித்தாள். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள்.
“அழகாக இருக்கிறது” என்றாள்,
பதினொன்றை நீக்கினாள்.
ஒன்பது தாள். திருத்தங்களுடன். நிலை: நன்று.

நாலே முக்காலுக்கே இருட்டு.
கிங் தெருப் பேருந்தில் ஜன்னலோரம் ஒரு பெண்,
இரவு ஷிப்டுக்குப் போகிறவள்,
சீருடைக்கு மேல் கோட்டு, மடியில் துடைப்பக் கட்டை.
தொலைபேசியில் பேசிக்கொண்டே வந்தாள்.
என்ன மொழி என்றுகூடத் தெரியவில்லை.
கணக்குச் சொன்னாள், யாரையோ திட்டினாள்,
ஒரு இடத்தில் வாயைப் பொத்திச் சிரித்தாள்,
மறுபடி கணக்கு.
நிறுத்தாமல், மூச்சு வாங்காமல்,
கைப்பிரதியில் எட்டொன்பது பக்கம் வரும்.

என் நிறுத்தம் போய்விட்டது.
அடுத்ததும்.