நிகர எடை

நான் முதலில் படிப்பது கடைசி அத்தியாயத்தை.
யார் யாரைப் புதைத்தார்கள் என்று தெரிந்துகொண்டு
முதல் பக்கத்துக்குத் திரும்பினால்தான்
நிம்மதியாகப் பயப்பட முடிகிறது.

பீடோர் பட்டணத்தில், டயர் கடைக்கு மேல்மாடியில்
பழைய புத்தகங்களைக் கிலோ கணக்கில் விற்கும் ஆ லியோங்
மலாயில் கேட்பார்: மறுபடியும் காணாமல் போன தங்கச்சியா?
மறுபடியும் அதுதான்.
பனி கொட்டும் ஊர், ஏரிக்கரையில் பெரிய வீடு,
பூட்டிய அறை, வாய் திறக்காத அம்மா,
குடும்பப் படத்தில்
கத்தரித்து எடுத்த ஒரு முகம்.

எனக்கு இரவு வேலை, செம்பனை ஆலையின் எடைமேடையில்.
லோரி ஏறும். எண் நடுங்கி நிற்கும்.
குலைகளைக் கொட்டிவிட்டு மறுபடி ஏறும்.
முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்தால் பழம்.
இரண்டு லோரிக்கு நடுவே எட்டுப் பக்கம்;
மழை நாளென்றால் முப்பது.

ரொட்டி டின்னில் சொக்சோ கடிதம் தேடியபோது
தோட்டத்து ஆஸ்பத்திரி அட்டை ஒன்று கிடைத்தது.
தனபாக்கியம், ஏழாம் லயம்.
என் பிறந்த தேதி. அதற்குக் கீழே
நீல மையில், ஒன்றன்கீழ் ஒன்றாக
2.4
1.7
பதின்மூன்று வருடமாக எண்களின் ஜோடியில் பிழைப்பவள்.
கை பழக்கத்தில் கழித்தும் பார்த்துவிட்டேன்.

மூன்று நாள் அம்மாவை வேவு பார்த்தேன்.
தூக்கத்தில் என்ன முனகுகிறாள்,
எந்தப் பேச்சில் எழுந்து பின்னால் போகிறாள்.
திருவிழாப் படத்தின் ஓரத்தை
விளக்கில் பிடித்துச் சோதித்தேன்.
அரித்திருந்தது பூச்சிதான்.

லயத்தில் நிலவறை ஏது? மச்சு ஏது?
வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரைவரை போகாது.
முதல் வீட்டில் புரையேறினால்
பன்னிரண்டாம் வீட்டில் தலையைத் தட்டிக்கொள்வார்கள்.
அங்கே எதை ஒளிப்பது?
ஆயாக் கொட்டகைக்குத் தெரியும். சின்னக் கிராணிக்குத் தெரியும்.
பால் ஏற்றுகிற லோரிக்காரனுக்கும் தெரிந்திருக்கும்.
பெரட்டில் நின்ற அத்தனை பேரும்
வருடக்கணக்கில் என் முகத்தைப் பார்த்து
பசியாறிட்டியா என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.
எந்த நாவலிலும் நான் பார்த்ததில்லை,
இப்படிக் கதவே இல்லாத ஒரு பூட்டை.

நான்காம் நாள் நேராகவே கேட்டேன்.
அம்மா சட்டியில் கெம்போங் மீனைத் திருப்பிப் போட்டாள்.

"ஆமா. இருந்துச்சு.
குளுவாங் பக்கத்துலேர்ந்து வந்தாங்க, புள்ள இல்லாதவங்க.
அந்தம்மா ரெண்டையும் தூக்கிப் பாத்துச்சு.
இந்தக் கையில ஒண்ணு, அந்தக் கையில ஒண்ணு.
கனமானத எடுத்துக்கிச்சு.
நீ தங்க மாட்டேன்னு நெனச்சாங்க.
நானுந்தான் நெனச்சேன்."

எண்ணெய் தெறித்தது. நெருப்பைக் குறைத்தாள்.

இத்தனை கதைகளிலும்
தொலைந்தவளைத் தேடிக்கொண்டே போயிருக்கிறேன்,
டார்ச் விளக்கோடு, ஏரிக்கரையில், இருட்டில்.
தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கிடத்தப்பட்டவளுக்கு
ஒருத்தரும் கதை எழுதவில்லை.

அன்றிரவு லோரி இல்லாத நேரம்
மேடையில் நானே ஏறி நின்றேன்.
ஐம்பத்து மூன்று கிலோ. அறுபது என்றது.
இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
இரண்டு புள்ளி நான்கும், ஒன்று புள்ளி ஏழும்
அதற்கு ஒரே சுழியம்.
சீட்டு அச்சடிக்கவில்லை.
இறங்கிப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன்.

நேற்று மத்தியானம், துணி மடித்துக்கொண்டே,
தமிழ்ப் பேப்பரைக்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கிற அம்மா
என் கையிலிருந்த அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
தண்ணீரில் பாதி முங்கிய ஒரு பெண்.

"அந்தப் புக்குல,
கடைசில கெடச்சிருதா, அது?"

கடைசி அத்தியாயத்தை மூன்று முறை படித்திருந்தேன்.

"இன்னும் அங்க வரலம்மா" என்றேன்.