பூட்டுப் போடும் பட்டியல்

பாடாங் செராய் இரவுச் சந்தைக்கு எதிரே
பல் மருத்துவருக்கு மேல்மாடியில் எங்கள் நிறுவனம்.
இரண்டு மேசை, ஓர் இரைச்சல் மின்விசிறி,
கட்டாத மூன்று மாத வாடகை.

செம்பனைக் குலைக்கு எடைச் சீட்டு எழுதும்
செயலி ஒன்று செய்தோம்.
மூல நிரலோடு திறந்து வைத்து
எடுத்துக்கொள், மாற்றிக்கொள், பிறருக்கும் கொடு என்றோம்.
எடுத்துக்கொண்டார்கள்.

மேடானில் ரிஸ்கி என்றொருவன்,
இன்றுவரை முகம் பார்த்ததில்லை,
மழைநாளின் ஈரக் கழிவைக் கணக்கிடும் பகுதியை
ஒரே இரவில் எழுதி அனுப்பினான்.
கானாவிலிருந்து யாரோ பிழை பிடித்தார்.
லூனாஸ் கூட்டுறவுக்காரர்கள்
நன்றி சொல்லி ஒரு தார் வாழைப்பழம் தந்தார்கள்.
வாழைப்பழத்தை வாடகையில் கழித்துக்கொள்ள
வீட்டுக்காரர் தியோ சம்மதிக்கவில்லை.

ஆகவே, கட்டணப் பதிப்பு.

ஹேமநாதன் வெள்ளைப் பலகையில் நடுக்கோடு இழுத்தான்.
இடப்பக்கம் சும்மா. வலப்பக்கம் காசு.

பல தோட்டத்துக் கணக்கை ஒரே திரையில் பார்ப்பது?
வலம்.
சீட்டு அச்சடிப்பது?
இடம். அதில் கைவைத்தால் நாமெல்லாம் மனுசங்களா.
ரிஸ்கியின் ஈரக் கழிவு?
பேனா நின்றது.
விற்கலாம். உரிமம் தடுக்காது.
அந்த உரிமத்தைத் தேடிப் பிடித்தவளே நான்தான்.
ஆனாலும் படுத்தால் தூக்கம் வர வேண்டுமே.
இடம்.

திருத்தப் பதிவேடு?
எடையை யார், எந்த மணிக்கு,
எத்தனையிலிருந்து எத்தனைக்கு மாற்றினார்
என்று காட்டும் பக்கம்.
"ஆலைக்காரன் தணிக்கைக்குக் கேட்பது இதைத்தான்,
விலை பேச மாட்டான்" என்றான்.
"எல்லா இடத்திலும் இதற்குத்தான் பூட்டு."
வலம்.

மாதம் நானூறு வெள்ளி. முதல் ஆலை கையெழுத்திட்டது.
வாடகை கட்டியது போக நாசி கண்டார் சாப்பிட்டோம்,
முட்டையோடு.

குணபூஷணம் படியேறி வந்தது
அதற்கு ஏழு வாரம் கழித்து.
ஐந்து ஏக்கர்க்காரர். கையில் கைப்பேசி.
தராசுத் திரையைப் படம் பிடித்திருந்தார்: 1840.
பணச் சீட்டில்: 1480.
"தவுக்கேகிட்ட கேட்டேன் தங்கச்சி.
சிஸ்டத்துல அப்படித்தான் இருக்குங்கறான்.
சிஸ்டம் உங்களுதாமே?"

எங்களுடையதுதான்.
அந்தக் கொள்முதல் நிலையத்தில் ஓடியது இலவசப் பதிப்பு.
மாற்றம் ஒவ்வொன்றும் அதிலும் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது.
பார்க்கும் கதவை மட்டும் அடைத்திருந்தோம்.

முந்நூற்று அறுபது கிலோ.
அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டார்,
என் மேசையில், என் பேனாவால்:
இருநூற்று எண்பது வெள்ளி எண்பது காசு.
பேனாவை மூடி வைத்தார். என்னைத் திட்டவில்லை.

அன்றிரவு சந்தையில் அப்பளம் பொரிக்கும் வாசனை மாடிவரை வந்தது.
பூட்டைக் கழற்ற நாற்பது வரி.
வெளியிட்டுவிட்டுத்தான் ஹேமாவுக்குச் சொன்னேன்.
"என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றான்.
கேட்டிருக்கலாம்.
கேட்டிருந்தால் விடிந்திருக்கும்.
விடிந்தால் நானூறு வெள்ளி
வேறு மாதிரித் தெரிந்திருக்கும் எனக்கும்.

குணபூஷணத்துக்குப் பதிவேடு கிடைத்தது.
பணத்தில் பாதி கிடைத்தது.
மீதிக்குத் தவுக்கே
அடுத்த லோரியில் பார்ப்போம் என்றிருக்கிறான்.

பலகையில் அந்தக் கோடு அழியாத மையாம்.
துடைத்துத் துடைத்துப் பலகைதான் சாம்பலானது.
வலத்திலிருந்து இடத்துக்கு ஓர் அம்புக்குறி போட்டு
வைத்திருக்கிறோம்.
வலப்பக்கத்தில் இப்போது மிச்சம்:
பல தோட்டக் கணக்கு;
அறுவடை மாதத்தில் இரவு இரண்டு மணிக்கும்
தொலைபேசியை எடுப்பது.
எடுக்கிறவன் ஹேமாதான்.
கோபம் இருந்தாலும் எடுக்கிறான்.

இன்று காலை ஆலையிலிருந்து என் எண்ணுக்கே வந்தது அழைப்பு.
"எல்லாருக்கும் சும்மா கிடைப்பதற்கு
நாங்கள் மட்டும் ஏன் நானூறு?"

நியாயமான கேள்வி.
"ஒரு நிமிடம்" என்றேன்.
மின்விசிறியை நிறுத்திவிட்டு
மறுபடி காதில் வைத்தேன்.