பன்னிரண்டு வயதில் நான் எரித்த விளக்கு

பதினெட்டு முடிந்து நான்காம் நாள்.
ஈரி ஏரியிலிருந்து வந்த பனி
கடன் சங்கத்தின் மிதியடியில்
என் காலணியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

கேட்டது ஆறாயிரத்து இருநூறு டாலர்.
கார் செவர்லே, என்னைவிட நான்கு வயது இளையது,
பின்கதவு ஒன்று மட்டும் வேறு நீலம்.
முதியோர் இல்லச் சமையலறையில்
இரண்டு வருஷம் தட்டுக் கழுவிச் சேர்த்த
ஆயிரத்து ஐந்நூறு முன்பணம்,
சம்பளச் சீட்டு எட்டு,
எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில்.

கடன் வரலாறே இல்லை என்பார்கள் என்றுதான் பயந்தேன்.
திரு. பெட்டிஃபர்ட், டையில் கடுகுக் கறையோடு,
திரையை என் பக்கம் திருப்பாமல் சொன்னார்:
"நீ புதுசு இல்லையே, டீகன்.
உன் பேரில் ஒரு பாக்கி நிற்கிறது.
மின்சாரம். நானூற்றுப் பதினேழு."

தேதியைப் படித்தார்.
மேசைக்கடியில் விரல் விட்டு எண்ணினேன்.
பன்னிரண்டு வயதில் என் பேரில்
ஒரு நூலக அட்டை இருந்தது,
ஒரு வெள்ளெலி இருந்தது.
மின் இணைப்பு இருந்ததென்று
யாரும் சொல்லவில்லை.

குரலைத் தாழ்த்தினார்.
"நடப்பதுதான். போலீஸில் எழுதிக் கொடு.
யார் செய்ததென்று சொல்.
இந்த வரி அழிந்துவிடும்."
யாரென்று கேட்கவில்லை அவர்.
பாக்கிக்காரி முகவரியும் என் முகவரியும் ஒன்று.

கிறிஸ்டா வோய்சிக்.
சொந்தப் பேர் தேய்ந்துபோனதும்
வீட்டில் மிச்சமிருந்த சுத்தமான பேரை
எடுத்து மாட்டிக்கொண்டாள் அம்மா,
அவசரத்துக்கு என் கையுறையில்
விரல்களைத் திணிப்பதுபோல.
பிடித்திருக்கும், இறுக்கமாக.

கோபம் வரவில்லை என்றால் பொய்.
பேருந்து வருவதற்குள் இரண்டு முறை அழைத்து
இரண்டு முறையும் மணியடிக்குமுன் வைத்தேன்.
மூன்றாவது முறை கெட்ட வார்த்தையை
ஏரிப் பக்கம் பார்த்துச் சொன்னேன்.

ஆனால் அந்தக் குளிர்காலம் நினைவிருக்கிறது.
தம்பி கேஸனுக்கு ஆவி மருந்து தரும் மிஷின்
இரவெல்லாம் உறுமியது.
நான் பின்னக் கணக்குப் போட்டேன்,
விளக்கை அணைக்க மறந்து தூங்கினேன்,
தினமும்.
அந்த நானூற்றுப் பதினேழில்
கொஞ்சம் நான் எரித்தது.

இரவு தாளை மேசையில் வைத்தேன்.
அம்மா அழவில்லை.
"மூன்று மாதம் கட்டினேன்.
நாலாவது மாதம் ஆள் குறைத்தார்கள்."
பிறகு, பாத்திரத் தொட்டியைப் பார்த்து:
"புகார் எழுது.
என் பேரில் இனிக் கெட என்ன இருக்கிறது?"

படிவத்தை இறக்கி வைத்திருந்தேன்.
'சந்தேக நபரோடு உறவு' என்றொரு கட்டம்,
நாலெழுத்துக்கு மேல் கொள்ளாத அளவில்.
ஒன்பது நாள் அது திரையில் திறந்தே கிடந்தது.
பத்தாம் நாள் பாக்கியைக் கட்டினேன்.
நல்லவள் என்று யாரும் சொல்ல வேண்டாம்.
அந்தக் கட்டத்தை நிரப்ப முடியவில்லை,
அவ்வளவுதான்.

முந்நூறு டாலரை அவர்களிடமே அடகு வைத்து
அந்த முந்நூறுக்கே ஓர் அட்டை வாங்கினேன்.
என் பணத்தை எனக்கே கடன் தருகிறார்கள்.
மாதம் ஒரு பஸ் பாஸ்,
தவணைக்கு ஆறு நாள் முன்பே கட்டிவிடுகிறேன்.
மீதம் எழுநூற்று எண்பத்து மூன்று.
நாணயம் என்ற ஒரே சொல்லுக்குள்
காசும் வாக்கும் ஏன் குடியிருக்கின்றன என்று
பேருந்தில் நின்றபடி யோசிக்கலாம்,
முக்கால் மணி நேரம் இருக்கிறது.

நீலக்கதவு செவர்லேயை ஒருநாள் சிக்னலில் பார்த்தேன்.
யாரோ ஒரு பையன்.
பாட்டைச் சத்தமாக வைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமைதோறும்
என் வேலைக் காலணிக்குள் இருபது டாலர் இருக்கிறது.
நான் கேட்கவில்லை.
ஃப்ரிஜ் கதவில், பீட்சா கடைக் காந்தத்தின் கீழ்
அம்மா கையெழுத்தில் தேதியும் தொகையும்.
பதினோராம் வாரம் பதினைந்துதான் இருந்தது.
அதற்கு நேரே அவளே எழுதியிருந்தாள்:
பாக்கி ஐந்து.