பெரட்டு

எங்கள் சிவப்பு வண்டி
மதகைத் தாண்டி ஏறாது.
அதைத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் வந்தோம்.
விஜேகோன் மாத்தையா நாடாவை விரித்து
பாதையின் இடுப்பை அளந்தார்:
ஏழடி நாலங்குலம்.
வண்டியின் இடுப்பு எட்டடி.
நோட்டில் எழுதிக் கோடு கிழித்தார்.
பிறகு நெடுநேரம் மேலே பார்த்தார்.

மேலே இருபத்துநான்கு காம்பரா,
முதுகோடு முதுகு ஒட்டி,
எல்லாவற்றுக்கும் ஒரே தகரம்.
நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடுவதில்லை.
முதல் வீட்டில் இருமினால்
கடைசி வீட்டில் கொத்தமல்லி கொதிக்கும்.
தீக்கும் அதே வழிதான்.

கொழுந்து மூட்டை இறங்கும் படியில்
சிலிண்டர், வாளி, இரண்டு நனைந்த சாக்கு,
சுருட்டிய குழாய் எல்லாம் சுமந்து ஏறினோம்.
ஞாயிற்றுக்கிழமை.
பீலியில் துணி துவைத்தவர்கள்
ஈரக் கையோடு வந்து நின்றார்கள்.

மாத்தையா சிங்களத்தில் சொல்வார்,
நான் தமிழில் சொல்வேன்.
‘தீப் பாதுகாப்பு’ என்று தொடங்கினேன்.
அது ஆபீஸ் சுவரில் ஒட்டிய நோட்டீஸ் மாதிரி இருந்தது.
‘வீடு எரியாம இருக்க’ என்று மாற்றிக்கொண்டேன்.
இரண்டு பேர் கிட்டே வந்தார்கள்.

சிலிண்டர் வாயில் தீ வைத்தோம்.
யார் அணைப்பது?
கறை படிந்த விரல்களோடு நிரோஜினி வந்தாள்.
பிசைந்த ரொட்டி மாவை மூடி வைப்பதுபோல
சாக்கைப் போட்டு மூடினாள்.
அவ்வளவுதான்.
‘இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?’

சிரிப்பு அடங்கியதும் தயாபரி கேட்டாள்:
‘கூப்பிட்டா எத்தன நிமிசத்துல வருவீங்க?’
நான் வாய் திறக்குமுன்
மாத்தையாவே தமிழில் சொன்னார்:
‘நாப்பது.’
‘மழ பேஞ்சா?’
அவர் தொப்பியைச் சரிசெய்தார்.
‘ஒரு லயம் எரிய எத்தன நிமிசம்?’
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
பதினொரு வயதில், வேறொரு தோட்டத்தில்,
பீலிக்கரையில் நின்று பார்த்த கணக்கு அது.
நாற்பது ஆகவில்லை.

பிறகு வீடு வீடாகப் போனோம்.
ஒரு பல்ப் வயரில் டிவி, அயன், போன் சார்ஜர்.
மெழுகுவர்த்திக்கு மேல் அந்தோனியார்,
அவருக்கு மேல் நைலோன் திரை.
அடுப்புக்கு மேல் விறகு காயவைக்காதீர்கள் என்றேன்.
எட்டு மாதம் மழை, வேறெங்கே காயும்?
பதில் இல்லை.
பரணை ஒரு முழம் தள்ளிக் கட்டிக் கொடுத்தோம்.

கடைசியில் விசில்.
எல்லோரும் பெரட்டுக் களத்துக்கு.
நான் பெயர் வாசித்தேன்.
என் அம்மாவின் பெயரையும்
இப்படியொரு களத்தில்தான் வாசித்தார்கள்,
பிந்தினால் அரைப்பேர்.
இது அதற்கில்லை.
வெளியே வந்துவிட்டீர்களா என்பதற்கு மட்டும்.

தொண்ணூற்றேழு பெயர்.
தொண்ணூற்றாறு குரல்.

பத்தொன்பதாம் காம்பராவில் சவரிமுத்து,
கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தார்.
ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில்
முப்பது வருசம் நின்ற காது.
விசில் அவருக்கு எட்டவில்லை.
பாதி முகத்தில் சோப்போடு அவர் வந்தபோது
மாத்தையா பெயருக்கு நேரே வட்டம் போட்டார்.
‘ஒத்திகைல செத்துட்டீங்க’ என்று
யாரோ அவர் காதில் கத்தினார்கள்.
அவர் சிரித்தார்.
பக்கத்துக் காம்பரா நிரோஜினி சிரிக்கவில்லை.
பட்டியலை வாங்கி ஓரத்தில் எழுதினாள்:
‘தட்டக் கூடாது. உள்ள போய்த் தொடணும்.’
நாங்கள் கொண்டுவந்த புத்தகத்தில்
அந்த வரி கிடையாது.

இரண்டாம் விசிலுக்கு அவர்தான் முதல் ஆள்.
ஊதுமுன்பே களத்தின் நடுவில்
வழித்த முகத்தோடு நின்றார்.
இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று
மாத்தையா கொஞ்சம் யோசித்தார்.

பாதைக்கு ஒரு கடிதம் எழுதியாகிவிட்டது.
மதகடியில் வண்டி
மலையைப் பார்த்தபடி நின்றது.
திருப்ப இடமில்லை.
ரிவர்ஸிலேயே இறங்கினோம்.