முதல் தண்டம்

கயிறு இரண்டு மீட்டர்.
ஒரு நுனி முளையில், மறுநுனி என் கையில்.
சரிவின் கீழ்ப்பக்கமாக அரைவட்டம் நடந்தால்
கால் இழுத்த தடத்தில் ஒரு பிறை விழும்.
அதைத் தோண்ட வேண்டும்.

தோண்டுவது என்பது பேச்சுக்கு.
தாவாவுக்கு மேற்கே எங்கள் மேட்டில்
மண் எப்போதோ போய்விட்டது; மிச்சம் ஓடுதான்.
கடப்பாரை பட்டால்
பாத்திரக்கடையில் எருமை புகுந்த சத்தம்.
ஆளுக்கு மூன்று குழி, அன்றன்றைக்குக் கூலி.
நாற்பது நாள் பிள்ளையை
லாரே குழிக்குள் கிடத்தினாள்.
கரையோரம் ஒரு சாண் நிழல் இருந்தது,
வேறெங்கும் அதுவும் இல்லை.

குழி வெட்டாத நாளில் துத்தி பிடுங்கினோம்.
பார்க்கப் பச்சைதான்.
மாடு முகர்ந்துவிட்டுப் போய்விடும்.
வானத்திலிருந்து படம் எடுப்பவர்களுக்கு
அதுவும் மேய்ச்சல்.

மழைக்கு முன்னால் பெர்மோ வந்தான்,
நீளக்கொம்புச் சிவப்பு மாடுகளோடு,
வருஷா வருஷம் வடக்கே போகிறவன்.
மேட்டைப் பார்த்தான்.
"என் கன்றுகளின் காலை ஒடிக்க
இத்தனை பேர் எதற்கு?
ஒருவர் போதுமே" என்றான்.
அவனுடைய பாதைக்குக் குறுக்கேதான் வெட்டியிருந்தோம்.
எங்களுக்குத் தெரியும்.
தெரியாதது போல வெட்டினோம்.

மூன்று சாயங்காலம் பேச்சு.
இரண்டு சாயங்காலம் கத்தல்.
கடைசியில் ஐம்பது தப்படி அகலத்துக்கு
அறுபது குழிகளை மூடினோம்.
மூடவும் கூலி கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன், வெட்கப்படவில்லை.

அதுவரை மழை எங்கள் மேட்டில் நின்றதில்லை.
ஓடும்.
போகிற போக்கில் கொஞ்சம் நிலத்தையும்
கூட்டிக்கொண்டு ஓடும்.
அந்த வருஷம் விடியலில் போய்ப் பார்த்தேன்:
குழிக்குக் குழி கலங்கிய தேநீர்.
மூன்று நாள் இருந்தது.
நான்காம் நாள் தவளை கத்தியது.
எங்கிருந்து வந்ததோ, யாரும் கூப்பிடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு வாய் வைக்கக்கூடாது,
அறுத்துத்தான் எடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று.
காவலுக்கு யார்?
"தசல்லாவுக்குத்தான் தொண்டை பெரிது" என்றார்கள்.
ஒரு விசில், ஒரு நோட்டு, ஒரு பேனா.

இடுப்புயரம் காம்பாப்புல் வளர்ந்த ஒரு மத்தியானம்
உள்ளே சரசரவென்று அசைவு.
பெர்மோவின் மாடுதான் என்று
விசிலை வாயில் வைத்தபடி ஓடினேன்.
ஆடு.
கழுத்தில் நீலத்துணி.
அந்தத் துணியைக் கட்டியவள் நான்.

விரட்டிவிட்டிருக்கலாம்.
சுற்றிலும் யாரும் இல்லை,
பாதையில் நின்ற பெர்மோவின் மகனைத் தவிர.
தோளுக்குக் குறுக்கே கம்பு,
அதில் தொங்கவிட்ட இரண்டு கைகள்.
அவன் சிரித்திருந்தால்
ஆட்டை வீட்டுக்கு ஓட்டியிருப்பேன்.
அவன் சிரிக்கவில்லை.
சும்மா பார்த்தான்,
கிணற்றில் வாளி தண்ணீரைத் தொட்டதா
என்று பார்ப்பதுபோல.

ஆட்டைப் பட்டிக்கு இழுத்துப்போனேன்.
வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தது.
ஐந்நூறு பிராங்க், என் கையிலிருந்தே.
நோட்டில் முதல் வரி:
தசல்லா. ஆடு ஒன்று.
என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை.
மூன்றாம் நாள்
உப்பு எங்கே என்று கேட்டார்.

இப்போது அந்த நோட்டில் பதினோரு பெயர்.
நான்கு பேர் மாட்டுக்காரர்கள்,
ஏழு பேர் எங்கள் ஆட்கள்.
இதைச் சந்தையில் சொன்னால் நம்புவதில்லை.

அறுவடை முடிந்து திரும்புகையில்
பெர்மோ என் கம்புக்கொல்லையில்
பன்னிரண்டு இரவு கிடை போட்டான்.
இரண்டு மூட்டை தானியம் கேட்டான்,
ஒன்றரைக்கு ஒத்துக்கொண்டான்,
அரை மூட்டைக்கு இன்னமும் முணுமுணுக்கிறான்.
மாடுகளுக்கு
நாங்கள் மேட்டில் அறுத்த புல்லையே
விலைக்கு வாங்கிப் போட்டான்.

அடுத்த மழையில் கம்பு முளைத்தது.
கம்புக்கு நடுவே, சாணம் விழுந்த இடத்தில்,
யாரும் விதைக்காத காம்பாப்புல்.
கொல்லைக்கு அது களை.
குனிந்தேன்.
வேரில் ஒட்டிய மண்ணோடு பிடுங்கி
முந்தானையில் சுருட்டி
மேட்டுக்கு நடந்தேன்.
கடைசி வரிசையில்
ஒரு குழி சும்மாத்தான் கிடந்தது.