மூடியில் விட்ட இடம்

பன்னிரண்டாயிரம் என்றாள் சஃபூரா.
ஒரு படத்துக்கா என்றேன்.
மேல்விஷாரத்திலிருந்து பஸ்ஸில் நின்றபடியே வந்து
என் சமையற்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்,
மடியில் ஒரு எழுத்து உதிர்ந்த லேப்டாப்.
படத்துக்கு இல்லைக்கா, நாளுக்கு என்று
விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.
அரிசியும் தண்ணியும், இதுக்கு நாற்பது ரூபாயா என்று
காலையில்தான் ஒருவர் என்னிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தார்.
அதை அவளிடம் சொல்லவில்லை.
பாதி முன்பணம் அனுப்பினேன்.

பாபு ராவ் தெரு லாட்ஜுகளுக்கு
தினம் நூற்றுப்பத்து கேரியர் போகிறது என் கஞ்சி.
மால்டா, தன்பாத், சில்சார் என்று எங்கெங்கிருந்தோ
காட்பாடியில் வந்து இறங்கி
ஸ்கேன் கவரை மார்போடு அணைத்து நடக்கிறவர்களுக்கு.

சிவப்பு கேட்டேன்.
ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு வேண்டாங்க்கா.
பச்சை?
தெரு முழுக்க மருந்துக்கடை பச்சை.
கோட்டையைப் போடலாமே, வேலூர் என்று தெரியுமே?
டிராவல்ஸ்காரர், செருப்புக்கடை, டியூஷன் சென்டர்,
எல்லாரும் அங்கே குடியேறியாச்சு என்றாள்.
ஆவி பறக்கும் கிண்ணம் ஒன்று வரைந்து அனுப்பினாள்.
டீக்கடை மாதிரி இருக்கு என்றார் என் வீட்டுக்காரர்.
அப்படியே அவளுக்கு அனுப்பினேன், இரவு பதினொன்றேகாலுக்கு.
இரண்டு நீல டிக். பதில் இல்லை.

ஒரு நாள் கேரியரோடு நானும் வரேன் என்றாள்.
மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.
படியில் உட்கார்ந்துகொண்டாள். எதையும் வரையவில்லை.
இதற்கும் காசு ஓடுகிறதோ என்று எனக்கு.

கழுவித் திரும்பும் கேரியர்களில்
சில நாள் ஒரு சீட்டு இருக்கும்.
மாத்திரை அட்டையின் பின்புறத்தில், பஸ் டிக்கெட்டில்,
மேலே கோடு போட்டுத் தொங்கவிட்ட எழுத்து.
எனக்குப் படிக்க வராது.
தூக்கிப் போட மனசில்லாமல் சீரக டப்பாவில் சேர்த்திருந்தேன்.
அதைக் கேட்டு வாங்கினாள்.
லாட்ஜ் மேசைப் பையன் தாபஸ் படித்துச் சொன்னான்:
உப்பு குறைத்தது நல்லது.
பாப்பா இரண்டு வாய் சாப்பிட்டாள்.
பாக்கி பதினைந்து.
நாளை வேண்டாம்.
நாளை வேண்டாம்.
நாளையிலிருந்து வேண்டாம், அக்கா.

ஊருக்குப் போயிட்டாங்களா என்று கேட்டாள்.
நான் கேரியர்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழாவது கோப்பு வந்தது.
வெள்ளைக்கு ஒரு படி கீழே, நொய் வெந்த நிறம்.
ஓரத்தில் ‘கஞ்சி அக்கா’ என்று தமிழில், வங்காளத்தில், இந்தியில்.
கற்பகவல்லி ஹோம் ஃபுட்ஸ் எங்கே?
கீழே, எறும்பு மாதிரி.
நடுவில் கோடு கட்டிய வெறும் இடம்.
இங்கே என்ன வரும்?
நாம எதுவும் போடல. அவங்க எழுதுவாங்க.
வெறும் இடத்துக்கும் சேர்த்தா பன்னிரண்டாயிரம்?
அதுக்குத்தாங்க்கா அதிகம் என்றாள்.
சிரித்தாளா என்று போனில் தெரியவில்லை.

லாங் பஜாரில் இரண்டாயிரம் ஸ்டிக்கர் அடித்தோம்.
போன் நம்பரில் ஒரு எண் மாறிப்போனது.
நீங்க அனுப்பினதே தப்பு என்று அவள்,
சரிபார்க்க வேண்டியவள் நீ என்று நான்.
மூன்று நாள் பேசவில்லை.
அந்த மூன்று நாளும் திமிரியில் உரக்கடை வைத்திருக்கும் யாரிடமோ
வங்காளத்தில் கஞ்சி கேட்டிருக்கிறார்கள்.
மீதி ஆறாயிரத்தில் முந்நூறு பிடித்துக்கொண்டு அனுப்பினேன்.
மறுநாள் அந்த முந்நூறையும்.

இப்போது அடுத்த ஐயாயிரத்துக்கு அச்சகத்தில் நிற்கிறேன்.
நடுவுல இவ்ளோ இடம் வீணாப் போகுதேம்மா,
நம்பரைப் பெருசாப் போட்டுடட்டுமா என்கிறார்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
என் பர்ஸில்
இன்று காலை மூடியிலிருந்து உரித்தது ஒன்று இருக்கிறது.
பால்பாயின்ட் எழுத்து, ஈரத்தில் கொஞ்சம் கலைந்து.
தாபஸிடம் இன்னும் காட்டவில்லை.

வேண்டாங்க என்றேன்.
அது இருக்கட்டும்.