மூன்றாம் வகை

பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து விடியுமுன் கிளம்பும் கள்ளு வண்டியைப்
பதினோரு வருடம் ஆலப்புழைக்கு ஓட்டியவன் நான்.
கேனில் விழுந்த பிறகு
எந்தக் கள் எந்தத் தென்னையுடையது என்று
ஏறி இறக்கியவனே வந்தாலும் சொல்ல மாட்டான்.

கொச்சியிலிருந்து வந்த தாளில் சொல்லியிருந்தார்கள்.

மைமூனுக்கு, எனக்கு, வேலந்தாவளம் அந்தோணிமுத்துவுக்கு
ஹெபடைடிஸ் சி, மூன்றாம் வகை.
எழுத்துக்கு எழுத்து ஒன்றாம்.
பாலசுந்தரத்துக்கு மட்டும் முதலாம் வகை,
எங்கிருந்தோ எப்போதோ
தன் சொந்தக் கணக்கில் கொண்டுவந்தது.
"நான் உங்க கூட்டத்துல சேத்தியில்லீங்க" என்றார்,
பந்தி மாறி உட்கார்ந்துவிட்டவர் போல.

இப்போது நால்வரும் பின்னறையில்.
கதவில் சிவப்புத் தாள்.
கூடப்பிறந்த அண்ணன், கிட்னி என்று வாயெடுத்த நாளிலிருந்து
போனை எடுப்பதில்லை.
ராவுத்தர் வீட்டு மைமூன் எனக்குப் பங்காளி.
"பிரிக்கறதுக்கு சொத்து ஏதாச்சும் இருக்கா?" என்கிறாள்.
ஆளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்,
அதுவும் அளந்து.

விசாரணைக்கு மூன்று பேர்.
கையுறைப் பெட்டியை எண்ணினார்கள்.
ஹெப்பாரின் குப்பியை எண்ணினார்கள்.
எட்டு மெஷினுக்கு ஒரே சிஸ்டர் என்பதை
எண்ணினார்களா, தெரியாது.
கர்க்கடகத்தில் கரண்ட் போன ராத்திரி என்ன கண்டாய் என்று
மலையாளத்தில் ஒருதரம், தமிழில் ஒருதரம்.

கண்டது இது.
மெஷின்கள் எல்லாம் ஒன்றாகக் கத்தின.
லிசம்மா சிஸ்டர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி
மைமூனின் ரத்தத்தை மைமூனுக்கே திருப்பிக்கொண்டிருந்தாள்.
அந்தோணிமுத்துவின் ஊசி கழன்றது.
கட்டிலுக்கடியில் அவர் செருப்பு நனைந்தது.
ஓடினாள். அதே கையுறை.
இருபது நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தாள்.
பிறகு நான்.
ஊசியை உருவிப் பஞ்சை வைத்தபோது
அவள் விரல் ஈரமாயிருந்தது.
"பயப்படாதீங்க அண்ணா."

அந்த ஈரமாக இருக்கலாம்.
வேறு ஏதோ செவ்வாய்க்கிழமையாகவும் இருக்கலாம்.

"ஒறங்கிட்டேன் சார்."

அந்தோணிமுத்து, அன்றைக்கே செத்திருக்க வேண்டிய மனுஷன்,
அவரும் உறங்கினாராம்.
மைமூன் மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.
"கண்டேன். ஜெனரேட்டர்ல டீசல் இல்லாததைக் கண்டேன்.
எழுதிக்கோங்க."
பேனா கொஞ்சம் நின்றது.

எண்பத்துநாலு மாத்திரை, தினம் ஒன்று.
கிருமி போய்விடும். கிட்னி வராது.
முதலாம் வகைக்கும் இதே மாத்திரைதான் என்றதும்
பாலசுந்தரத்துக்கு முகம் கொஞ்சம் வாடியது.

லிசம்மா இப்போதெல்லாம்
கட்டிலுக்குக் கட்டில் கையுறையை உரித்து
எங்கள் கண்ணெதிரில் கூடையில் போடுகிறாள்.
நேற்று, ஊசி குத்துவதற்கு முன், தலை நிமிராமல்:
"அண்ணா, நெசமாவே ஒறங்கினீங்களா?"

"எடை பாரு சிஸ்டர்" என்றேன்,
"எவ்வளவு ஏறியிருக்கேன்?"

இரண்டு கிலோ முந்நூறு.